தவளைப் பள்ளத்தில் ஒன்பது செடி

திருப்பிப் பார்த்திருக்கவே வேண்டாம். ஏழாவது கொண்டை ஊசி வளைவில் ஜீப் ஒருக்களித்துச் சாய்ந்தபோது தொட்டியொன்று நழுவி முழங்காலில் வந்து இடித்தது. அதைப் பிடித்து நிறுத்தியதோடு பவுலின் சும்மா இருந்திருக்கலாம். கை கேட்டால்தானே. பதினொரு வருஷம் செடியோடு கிடந்த கை, இலை என்று ஒன்று அகப்பட்டால் பூச்சி இருக்கிறதா, பூஞ்சை இருக்கிறதா என்று அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்க்காமல் விடாது. திருப்பினாள். வட்ட வட்டமாகப் பொட்டுகள். நடு நரம்புக்கு இந்தப் பக்கம் ஒரு வரிசை, அந்தப் பக்கம் ஒரு வரிசை, பழுப்பு நிறத்தில், நன்றாக விளைந்து. அவளுக்கு முதலில் ஒன்றும் உறைக்கவில்லை. அழகாக இருக்கிறதே என்றுகூட நினைத்தாள், பாவி மனுஷி. அப்புறம்தான் உறைத்தது. நம்ம செடிக்கு ஏது பொட்டு? நம்ம செடி இலையோரத்தை உள்ளுக்குள் மடித்து, அந்த மடிப்புக்குள் தூளை ஒளித்து வைக்கிற செடியாயிற்றே, சேலைக்கு ஓரம் அடித்த மாதிரி. விதை கிடையாது, பூ கிடையாது, இந்தத் தூளை வைத்துத்தான் பெரணி வம்சம் தழைப்பது. தூள் எங்கே இருக்கிறது என்பதை வைத்துத்தான் எது எந்தப் பெரணி என்று சொல்வது. இதை அவளுக்குச் சொல்லிக் கொடுத்த ஆள் முன்சீட்டில் உட்கார்ந்து பேச்சை ஒத்திகை பார்த்துக்கொண்டிருக்கிறார். பவுலின் இலையை மெதுவாகப் பழையபடி திருப்பி வைத்தாள், வைத்துவிட்டால் சரியாகிவிடும் என்கிற மாதிரி.

சரியாகுமா. ஜீப்பின் பின்சீட்டைக் கழற்றிவிட்டுப் பலகை போட்டு, அதில் ஆறு தட்டு, தட்டுக்கு எட்டுத் தொட்டி, ஆக நாற்பத்தெட்டு. அதற்கு நடுவே கிடைத்த இடத்தில் சம்மணம் போட்டு அவள். முன்னால் காஜா அண்ணன் ஓட்டுகிறார், பக்கத்தில் திலகவதி மேடம். கல்லூரியில் தாவரவியல் துறைக்குத் தலைவர், பெரணி என்றால் இந்த மலையில் மேடம்தான், முந்நூறு பெரணியின் பெயரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். பவுலின் அந்தத் துறையின் கண்ணாடி வீட்டில் தண்ணீர் ஊற்றுகிறவள், எட்டாம் வகுப்பு, அதுவும் கணக்கில் போனால் போகிறது என்று தேற்றிவிட்டது. பதினொரு மணிக்குத் தவளைப் பள்ளத்தில் நடவு. வனத்துறைப் பெரிய அதிகாரி வருகிறார், பத்திரிகைக்காரர்கள் வருகிறார்கள், பந்தல்கூடப் போட்டிருக்கிறார்களாம். தவளைப் பள்ளம் என்பது மலைக்கு மேலே இரண்டு மேட்டுக்கு நடுவில் வருஷம் பூரா கால் புதைகிற சேற்று நிலம். ஐம்பது வருஷத்துக்கு முந்தி நம்ம செடி, சேற்றுப் பெரணி, அங்கே முழங்கால் உயரத்துக்கு மண்டிக் கிடந்ததாம். அப்புறம் சுற்றிலும் வாட்டில் மரத்தை வைத்தார்கள். அது குடித்தது போக மிச்சத் தண்ணீரை, கேரட் போடுகிறவர்கள் வாய்க்கால் வெட்டி இறக்கிக்கொண்டார்கள். மேடம் முதல் தடவை எண்ணும்போது நூற்றுச் சொச்சம், அடுத்து நாற்பது, மூன்று வருஷத்துக்கு முந்தி எண்ணியபோது ஒன்பது. ஒன்பதே ஒன்பது, இந்த உலகத்திலேயே. இப்போது மரத்தை வெட்டி, வாய்க்காலை அடைத்து, தண்ணீர் திரும்ப ஏறிவிட்டது, செடி வைக்க வேண்டியதுதான் பாக்கி. அந்த ஒன்பதைப் பவுலின் கண்ணால் பார்த்ததில்லை. கால் பட்டால் சேறு அமுங்கும் என்று மேடம் யாரையும் விடமாட்டார். "நடுற அன்னைக்கு உன்னைக் கூட்டிட்டுப் போறேன் பவுலின், அந்த ஒன்பதையும் காட்டுறேன்" என்று சொல்லி மூன்று வருஷம். கண்ணாடி வீட்டில் குழாய்க்கு மேலே ஒட்டியிருந்த பள்ளத்துப் போட்டோவைப் பார்த்துப் பார்த்து அவள் ஒன்பதுக்கும் மனசுக்குள் இடம் போட்டு வைத்திருந்தாள், இது பாறைக்குப் பக்கத்தில், இது இரண்டும் ஒட்டிக்கொண்டு, இது தனியாக. இன்றைக்கென்று நீலச் சேலை கட்டிக்கொண்டு கிளம்பியவளைப் பார்த்து, "என்னடி, உன் பாசிக்கு ஏதும் பட்டாபிஷேகமா?" என்று அருளப்பன் சிரித்தார். புருஷன் சிரிக்கட்டும், அவருக்கு என்ன தெரியும்.

ஒருவேளை கண் தப்பு. வயது நாற்பத்தாறு, ஜீப் ஆடுகிறது, வெளிச்சம் இலை வழியாக மின்னி மின்னி விழுகிறது. வேறொன்றைத் திருப்பிப் பார்த்தால் போச்சு. எட்டாவது வளைவில் இன்னொன்றைத் திருப்பினாள். பொட்டு. ஒன்பதாவது வளைவுக்குக் காத்திருக்கவில்லை, அடுத்ததைத் திருப்பினாள், பொட்டு, அடுத்தது, பொட்டு, அதற்கடுத்ததில் ஒன்றுமே இல்லை, வழவழவென்று பச்சை. ஆ, இதுதான், இது நம்மது என்று மூச்சு வந்தது. ஒன்றும் இல்லாததை வைத்து எப்படிடி நம்மது என்று சொல்லுவாய், இன்னும் விளையவில்லை என்றுதானே அர்த்தம். சின்னதில் எல்லாப் பெரணியும் ஒரே மூஞ்சி. மேடமே சொல்லியிருக்கிறார், விளைகிற வரைக்கும் தானே சத்தியம் பண்ண மாட்டேன் என்று. மேடம் கடைசியாகத் தட்டுகளைப் பார்த்து ஒரு மாதம் இருக்கும். அனுமதிக்கு அலைச்சல், சென்னைக்கு இரண்டு தடவை. வந்ததும் நேற்று சாயங்காலம் வாசலில் நின்றே, "பவுலின், தளதளன்னு வச்சிருக்கியே" என்றார். வைத்திருந்தாளே, தளதளவென்று. அப்படியானால் மூன்று வாரத்துக்கு முந்தி பார்த்தது? ஆமாம், மூன்று வாரத்துக்கு முந்தி. அதை ஏன் நினைக்கிறாய், அதை விடு. விட முடியவில்லை. மூன்று வாரத்துக்கு முந்தி ஒரு செவ்வாய்க்கிழமை தண்ணீர் தெளிக்கும்போது ஓர் இலைக்கடியில் வெளிர் பச்சையாகச் சின்னச் சின்னப் புள்ளி பார்த்தாளே. பூச்சி முட்டை என்று நினைத்துக்கொண்டாள். நினைத்துக்கொண்டாளா, இல்லை நினைக்க வேண்டும் என்று நினைத்தாளா? பூச்சி முட்டை என்றால் பவுலின் நகத்தால் சுரண்டி எடுப்பவள். அன்றைக்குச் சுரண்டவில்லை. இலையை விட்டுவிட்டு அடுத்த தட்டுக்குப் போய்விட்டாள், வேகமாக. இடது கால் மரத்துப்போய்விட்டது, நீட்ட இடமில்லை.

"பின்னால என்னம்மா சத்தமே காணோம், வாந்தி கீந்தி வருதா?" என்று கேட்டார் காஜா அண்ணன் கண்ணாடியில் பார்த்து. "இல்லண்ணே, தொட்டியைப் பிடிச்சிட்டிருக்கேன்." "நல்லாப் பிடி. போன வாரம் ஒருத்தர் கோழிக்குஞ்சு ஏத்திட்டு வந்தாரு, இந்த வளைவுலதான் பாதி வண்டிக்குள்ள பறந்துச்சு. உன் செடி தேவல, பறக்காது." பறக்கும் அண்ணே, நல்லாவே பறக்கும், கண்ணுக்குத் தெரியாமல் பறக்கும், அதுதானே வினை. ஓர் இலையைத் தட்டினால் லட்சம் தூள் என்பார் மேடம், மூக்குப்பொடியைவிட நைசு. அந்தத் தூள்தான் மூன்று வருஷத்துக்கு முந்தி மடித்த காகிதத்தில் வந்தது, ஒன்பதில் ஒன்றிலிருந்து, ஒரே ஓர் இலை எடுக்க அனுமதி வாங்கி. மண்ணைச் சல்லடையில் சலித்து, கொதிக்கிற தண்ணீரை மூன்று தடவை ஊற்றி, ஆறவைத்து, மேடம் காகிதத்தை விரலால் சுண்டிச் சுண்டித் தூவினார், மூச்சுகூட விடாமல். பிறகு தொட்டிக்குத் தொட்டி கண்ணாடி மூடி. "முதல் இலை வர்ற வரைக்கும் மூடியைத் தொடாதே. காத்துல என்ன தூள் வேணாலும் வரும்." ஆறு மாதம் ஒன்றுமில்லை. அப்புறம் மண்மேல் பச்சையாக ஒரு படலம், பாசி மாதிரி. பூதக்கண்ணாடியில் பார்த்தால் நகக்கண் அளவுகூட இல்லாத இதய வடிவத்தில் பச்சைத் துணுக்குகள். மூடியைத் துளி இடுக்குவிட்டு, காய்ச்சி ஆறிய தண்ணீரைப் புகையாக அடித்து உடனே மூடச் சொன்னார் மேடம், "தண்ணி இருந்தாத்தான் இதுங்களுக்குக் கல்யாணம் நடக்கும்" என்றார். பவுலின் வெட்கப்பட்டுச் சிரித்தாள். சரி, மூடி. மூடியைப் பற்றி நினைக்காமல் இந்தப் பக்கமே சுற்றிக்கொண்டிருந்தால் ஆயிற்றா?

திறந்தாள். அதுதான் விஷயம், யாருக்கும் தெரியாத விஷயம், பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம்கூடச் சொல்லாத விஷயம், இது பாவம் என்று அவளுக்கே தெரியாததால். மத்தியானத்தில் கண்ணாடிக்கு உள்பக்கம் வியர்த்து வியர்த்துச் சொட்டும். பார்க்கச் சகிக்காது, பிள்ளைகளைப் பானைக்குள் போட்டு மூடின மாதிரி இருக்கும். பத்து நிமிஷம், பத்தே நிமிஷம் மூடியைச் சாய்த்து வைப்பாள், கொஞ்சம் மூச்சு விட்டுக்கொள்ளட்டும் என்று. அது போதாதென்று அந்த வருஷம் ஒரு தொங்குதொட்டியையும் கொண்டுவந்து மாட்டினாள். வீட்டுக்குப் பின்னால் துணி துவைக்கிற கல்லுக்கும் சாக்கடைச் சுவருக்கும் நடுவில் தானாக முளைத்த பெரணி, தண்ணீர் கண்ட இடத்திலெல்லாம் முளைக்கிற பெரணி. கண்ணாடி வீட்டில் வெறும் பாசியையே ஒரு வருஷம் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா, செடி என்று சொல்ல ஏதாவது ஒன்று கண்ணில் பட வேண்டாமா. அதைப் பார்த்து மேடம் திட்டுவார் என்று பயந்தாள். மேடமோ, "அட, நல்லாருக்கே! இருக்கட்டும், இந்த எடத்துக்கு ஒரு களை வந்துச்சு" என்றார். முந்நூறு பெரணியின் பெயர் தெரிந்தவர், அதன் பெயரையும் சொன்னார், ஓர் இலையைத் தொட்டுத் தடவியும் கொடுத்தார். காற்றில் என்ன தூள் வேணாலும் வரும் என்று சொன்ன வாயால். பெரணி என்றால் உயிரை விடுகிற இரண்டு பொம்பளைகளுக்கும் அந்த நிமிஷம் தோன்றவில்லையே, தலைக்கு மேலே எதைத் தொங்கவிட்டிருக்கிறோம் என்று. சாக்கடைப் பெரணிக்கு அவசரம் ஜாஸ்தி, முதலில் முளைத்துவிடும், முளைத்து இடத்தைப் பிடித்துவிடும். நம்மது நிதானம். நம்மது அதன் நிழலில் அழுகிப் போயிருக்கும். அதை அவள் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு வேடிக்கை பார்த்திருக்கிறாள். முதல் இலை சுருள் பிரிந்த அன்றைக்கு இரண்டு பேரும் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதார்களே, அது எதற்காக, யாருக்காக? யூக்கலிப்டஸ் வாசனை குளிரோடு வந்து மூக்கில் ஏறியது.

சொல்ல வேண்டும். அடுத்த வளைவில் சொல்லலாம். எதற்குச் சொல்ல வேண்டும்? சொல்லாவிட்டால் என்ன ஆகும், சொல், என்ன ஆகும். நடுவார்கள், கை தட்டுவார்கள், போட்டோ வரும். இரண்டு வருஷத்தில் பள்ளம் பூரா பச்சையாகிவிடும், இது வளர்கிற வேகத்துக்கு. எல்லாருக்கும் சந்தோஷம். வருகிறவர்கள் யாரும் குனிந்து இலையைத் திருப்பிப் பார்க்கப் போவதில்லை. மேடம் பார்ப்பார். பார்க்கிற அன்றைக்குப் பாறைக்குப் பக்கத்தில் இருக்கிறது இருக்காது, ஒட்டிக்கொண்டிருக்கிற இரண்டும் இருக்காது. வாட்டில் மரத்துக்குத் தப்பி, கேரட் வாய்க்காலுக்குத் தப்பி, காட்டு மாடு மிதித்ததற்கும் தப்பி நிற்கிற ஒன்பதை, காப்பாற்றுகிறேன் என்று போய்ப் பவுலின் முடித்துவைத்திருப்பாள். அப்படியானால் சொல். சொன்னால் மேடத்தின் மூன்று வருஷம் போச்சு, பந்தலுக்கு முன்னால் தலைகுனிவு. உன்னை யார் மூடியைத் திறக்கச் சொன்னது என்பார். என்பாரா? பதினொரு வருஷத்தில் ஒரு தடவைகூட அதட்டியதில்லை. அதட்டுகிறவராக இருந்தால் இந்நேரம் சொல்லியிருப்பாள், வாங்கிக் கட்டிக்கொண்டு போயிருப்பாள். நல்லவர்களிடம்தான் கெட்ட சேதி சொல்ல வாய் வருவதில்லை. நாற்பத்தெட்டையும் திருப்பிப் பார்த்து முடித்திருந்தாள். முப்பத்தொன்றில் பொட்டு, பதினேழில் ஒன்றுமில்லை, ஓரம் மடித்தது ஒன்றுகூட இல்லை.

"மேடம்" என்றாள். குரல் இன்ஜின் சத்தத்தில் அமுங்கிப்போயிற்று. "மேடம்!" என்று மறுபடியும். திலகவதி மேடம் காகிதத்தை மடியில் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பினார். முகமெல்லாம் சிரிப்பு, பொட்டுகூடப் புதுசாகப் பெரிதாக வைத்திருந்தார். "கூப்பிட்டியா? நானே சொல்லணும்னு இருந்தேன். பேச்சுல உன் பேரைப் போட்டிருக்கேன் பவுலின். பவுலின் மேரி இல்லைன்னா இந்தச் செடி இல்லைன்னு எழுதியிருக்கேன். முழுப் பேரு அதுதானே?" "ஆமா மேடம்" என்றாள் பவுலின். ஆமா மேடமாம்! வாயில் இருந்தது அவ்வளவும் வயிற்றுக்குள் திரும்பிப் போயிற்று. கர்த்தரே, இந்த வண்டி பஞ்சராகட்டும். ரோட்டில் மரம் விழுந்திருக்கட்டும், காட்டு மாடு மறிக்கட்டும், அதிகாரிக்குக் காய்ச்சல் வரட்டும், சாதாரணக் காய்ச்சல் போதும். ஒன்றும் நடக்கவில்லை. வெட்டுப்பட்ட வாட்டில் மரங்களின் அடிக்கட்டைகள் வர ஆரம்பித்தன, வெயில் பளீரென்று விழுந்தது, ஜீப் நின்றது. ஓட்டமெல்லாம் நின்ற அந்த அமைதியில் தவளைச் சத்தம் கேட்டது, பகலிலேயே. மேட்டுக்குக் கீழே பந்தல். அதற்கும் கீழே, போட்டோவில் பார்த்த பாறை.

காஜா அண்ணன் பின்கதவைத் திறக்க வந்தார். உள்ளே இருந்து பவுலின் கைப்பிடியை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். எப்படிப் பிடித்தாள் என்று அவளுக்கே தெரியாது, மறுபடியும் கைதான். "தொறக்காதீங்கண்ணே. மேடத்தை வரச் சொல்லுங்க." கீழே இருந்து யாரோ கையை ஆட்டிக் கூப்பிட்டார்கள். மேடம் கதவு இடுக்கில் முகத்தை நீட்டி, "என்ன பவுலின், மயக்கமா?" என்றார். "மேடம், இது நம்ம செடி இல்ல." மேடம் சிரித்தார். பவுலின் ஓர் இலையைத் திருப்பிக் காட்டினாள். சிரிப்பு அப்படியே இருந்தது கொஞ்ச நேரம், அதை எடுக்க மறந்துவிட்ட மாதிரி. பிறகு மேடம் தானாகவே இன்னொரு இலையைத் திருப்பினார், இன்னொன்றை. பவுலின் மூடியைத் திறந்ததிலிருந்து எல்லாவற்றையும் கொட்டினாள், மூச்சு வாங்க, ஒன்று விடாமல். மேடம் காதில் அது விழுந்ததா என்று தெரியவில்லை. "தொட்டியை மாட்டினது நீ. இருக்கட்டும்னு சொன்னது நான்தானே" என்றார் மெதுவாக. அப்புறம் கீழே பந்தலைப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பவுலின், ஒண்ணு செய்யலாம். ஆறே ஆறு மட்டும் நடுவோம், போட்டோவுக்கு. அவங்க போனதும் சாயங்காலம் நாம ரெண்டு பேரும் வந்து பிடுங்கிரலாம். யாருக்கும் தெரியாது."

பவுலின் கையை நீட்டினாள். மேடம் கையில் இருந்த பேச்சுக் காகிதத்தை வாங்கி, எழுதாத பக்கம் மேலே வருகிற மாதிரி மடியில் விரித்து, அதன்மேல் இலையைப் பிடித்து ஒரு சுண்டு சுண்டினாள். வெள்ளைக் காகிதத்தில் பழுப்பாகத் தூள் படிந்தது, பொட்டுப் பொட்டாக, வரிசை மாறாமல். "விளைஞ்சு போச்சு மேடம். வெயில் பட்டா அரை மணி நேரத்துல வெடிக்கும். சாயங்காலம் வந்து செடியைப் பிடுங்கலாம், இதை எப்படிப் பிடுங்குறது?" மேடம் அந்தக் காகிதத்தை எடுத்து, துளி சிந்தாமல் நான்கு ஓரமும் உள்ளுக்கு மடித்துப் பொட்டலமாக்கி, தட்டில் வைத்தார். "சரி" என்றார். "நான் போய்ச் சொல்லிட்டு வர்றேன். எல்லாத்தையும் திரும்பக் கொண்டுபோவோம். பொட்டு வராத பதினேழுல ஒண்ணாவது நம்மது இருக்கான்னு பார்ப்போம்." இரண்டடி நடந்தவர், "மேடம், நில்லுங்க, கையைக் கழுவிட்டுப் போங்க" என்று பவுலின் அதட்டியதும் நின்றார். ஆமாம், அதட்டல்தான். தண்ணீர் பாட்டிலைச் சாய்க்க, மேடம் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி இரண்டு கையையும் நீட்டிக் கழுவிக்கொண்டார், நகக்கண் வரைக்கும். கண் கலங்கியிருந்தது. கையை உதறிக்கொண்டே, "நீயும் வா பவுலின். நடாட்டி என்ன, ஒன்பதையும் பார்த்துட்டாவது போ. பாறை வரைக்கும் கூட்டிட்டுப் போறேன்" என்றார். அதைக் கேட்டதும் பவுலினுக்குக் குப்பென்று அழுகை வந்தது. கால் தானாக இறங்கப் பார்த்தது. குனிந்து சேலையைப் பார்த்தாள். நாற்பத்தெட்டுத் தொட்டியை ஒவ்வொன்றாக மடியில் வைத்துத் திருப்பிப் பார்த்த சேலை. நீலத்தின்மேல் மடி பூரா, முந்தானை பூரா, பழுப்பாகப் பொடி படிந்திருந்தது. கொசுவத்து மடிப்புக்குள் எவ்வளவு இருக்கிறதோ, தலைமுடியில் எவ்வளவோ. "நான் வரல மேடம்" என்றாள். "மேலெல்லாம் தூளு." மேடம் தலையை ஆட்டிவிட்டு இறங்கிப் போனார். பவுலின் பின்கதவை உள்பக்கமாக இழுத்துச் சாத்தினாள். இரண்டு பக்கக் கண்ணாடியையும் இடுக்கில்லாமல் ஏற்றிவிட்டு, செடிகளுக்கு நடுவில் வெக்கையில் உட்கார்ந்தாள். கீழே மேடம் பந்தலுக்குள் நுழைவது தெரிந்தது, எல்லாரும் எழுந்து நிற்பது தெரிந்தது. பாறை தெரிந்தது. பாறையைச் சுற்றி ஒரே பச்சையாக இருந்தது, கண்ணைத் துடைத்துவிட்டுத் துடைத்துவிட்டுப் பார்த்தாள், அவ்வளவு தூரத்திலிருந்து அதில் எது புல், எது அந்த ஒன்பது என்று தெரியவில்லை.